உற்பத்தி தேதி

ஆறு இருக்கிறது, தண்ணீர் இல்லை;
கோட்டை இருக்கிறது, ராஜா இல்லை என்று
வேலூரைச் சொல்வார்கள்.
பாட்டில் இருக்கிறது, தேதி இல்லை என்று
சேர்த்துக்கொண்டது நோட்டீஸ்.

இலவம்பாடி தாண்டி முக்கால் ஏக்கர்
முள்ளுக் கத்தரி.
விலை விழுந்த வாரம்
மூட்டைக்கு ஏற்றுக்கூலியும் தேறாமல்
ஊறுகாய் போட ஆரம்பித்தவள் கெஜலட்சுமி.
மாமனாரைக் கேட்காமல் விற்ற ஆட்டின் காசில்
புளி, கடலையெண்ணெய், மிளகாய்,
நூறு பாட்டில்.

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம்,
சட்டப்பணிகள் ஆணைக்குழு அறை.
மின்விசிறிக்கு நேர்கீழே உட்காரவைத்தேன்.
இலவசம் என்றால் நம்பவில்லை.
"ஜெயிச்சப்புறம் கேப்பீங்களா?"
இல்லை என்றேன்.
"தோத்தா?"

ஆங்கில நோட்டீஸை அவளுக்குப் படித்துச் சொன்னவர்கள்
தபால்காரர், மருந்துக்கடைப் பையன்,
பிறகு ஒரு எல்ஐசி ஏஜெண்ட்.
மூன்று பேரும் மூன்று தொகை சொல்லியிருந்தார்கள்.
மூன்று லட்சம் வரை என்பதில்
அந்த 'வரை' மட்டும்
யார் வாயிலும் வரவில்லை.

மாதிரி எடுத்தார்களாம், நாலு பாகம் பிரித்தார்களாம்,
கையெழுத்துப் போடு என்றார்களாம்.
அரக்கு உருகிய வாசனையில்தான்
பயம் வந்தது என்றாள்.
அதுவரை, ருசி பார்க்க வந்தவர்கள் என்று
சோறு எடுத்து வைத்திருந்தாள்.

ஆய்வக அறிக்கை:
பூஞ்சை இல்லை. கலப்படம் இல்லை.
தொகுப்பு எண் இல்லை.
உற்பத்தி தேதி இல்லை.

"தேதி இல்லன்னு எப்டி சொல்றாங்கோ?
கட்டித்தான குடுத்தேன்."

பையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தாள்.
மூடிக்கு மேல் சணல் நூலால் கட்டி
தினசரி காலண்டர் தாள்.
ஜூலை ஒன்று. ஆனி பதினேழு, செவ்வாய்.
ராகுகாலம் மூன்றிலிருந்து நாலரை.
சூலம் வடக்கு, பரிகாரம் பால்.

"ஊறுகா போட்ட அன்னிக்கு கிழிச்ச தாளு மேடம்.
இதுக்கு மேல இன்னா தேதி?"

பதினோரு வருஷ வக்கீல் வேலையில்
இவ்வளவு நேர்மையான லேபிள் பார்த்ததில்லை.
எழுந்தே நின்றுவிட்டேன்.
பிறகு உட்கார்ந்தேன்.
அச்சடித்த தாளில் உணவைப் பொதிவது
தனிக் குற்றம்.
ஒன்றிலிருந்து மீட்கும் சாட்சி
இன்னொன்றில் மாட்டிவிடும்.

"தாள் ஊறுகாயில் படுமா?"
"மூடி கீதே. மூடிக்கு மேலதான தாளு."
"மூடி கழன்றால்?"
ஆபீசரைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.

வருவாய் அலுவலரின் மேசைமேல் பாட்டிலை வைத்தேன்.
அவர் நூலை அவிழ்த்தார், தாளைப் படித்தார்,
திருப்பினார்.
பின்பக்கம் நெஞ்செரிச்சலுக்குக் கைவைத்தியம்.
சிரிப்பை அடக்க
மேற்கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மாதிரி எடுத்தவர் கெட்டவர் இல்லை.
மாதத்துக்கு இத்தனை என்று அவருக்கும் கணக்கு.
பெரிய கம்பெனிக் கிடங்கு வாசலில் செக்யூரிட்டி நிற்பான்;
இவள் வாசலில் கோலம்தான்.
அதை மிதிக்காமல்தான் உள்ளே போனேன் சார் என்றார்,
கேட்காமலே.

அபராதம் இரண்டாயிரம்.
பதிவு செய்துகொள்ள வருஷத்துக்கு நூறு ரூபாய்.
அந்த நூறை
ஒருவரும் அவளிடம் தமிழில் சொல்லியிருக்கவில்லை.
நானும்தான், அவள் என் அறைக்கு வரும்வரை.

படியிறங்கும்போது இரண்டாயிரத்தைக்
கத்தரிக்காய்க் கிலோவாக மாற்றிக்கொண்டே வந்தாள்.
பாதியில் கணக்கை விட்டுவிட்டாள்.
பாட்டில் கோப்போடு போய்விட்டது,
சான்றாவணம் மூன்று என்று.

புது லேபிளுக்கு விவரம் எழுதினோம்.
பெயர், முகவரி, எடை, தொகுப்பு எண் ஒன்று.
இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும்
என்ற இடத்தில் பேனா நின்றது.
எவ்வளவு நாள் கெடாமலிருக்கும் என்று கேட்டேன்.

யோசித்தாள்.
"தெரியில மேடம்.
எங்க ஊட்ல அவ்ளோ நாளு
இருந்ததே இல்ல."